கடிகாரமும் கைப்பழக்கமும்: பழையவையும் புதியவையுமாகச் சில கணினி விளையாட்டுகள்

பள்ளிக் கணினி அறையில் ஒரு கணினிக்கு மூன்று பேர் என்ற கணக்கில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த நாட்களில்தான் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை முதன்முதலில் பார்த்தேன். ஒருவர் விசைப்பலகையைப் பிடித்திருப்பார். மற்ற இருவரும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்தத் தரை ஆடுகிறது, அங்கே முள் இருக்கிறது, கதவு மூடப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்போம். அரண்மனைச் சிறையிலிருந்து தப்பி, பன்னிரண்டு நிலைகளைக் கடந்து, இளவரசியை மீட்க அந்த விளையாட்டு நமக்குக் கொடுப்பது அறுபது நிமிடங்கள். இறந்தால் அந்த நிலையின் தொடக்கத்திலிருந்து மறுபடியும் ஆடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். ஆனால் கடிகாரம் மட்டும் நிற்காது. இடையில் சேமித்து வைத்தாலும் மீதமிருக்கும் நிமிடங்களும் சேர்ந்தேதான் சேமிக்கப்படும் என்பதால், இரண்டாம் நிலையில் வீணடித்த ஐந்து நிமிடம் பதினொன்றாம் நிலையில் வந்து கழுத்தைப் பிடிக்கும். அப்போது என்ன செய்வது? முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆச்சரியம் என்னவென்றால், முதல் முறை இருபது நிமிடம் தின்ற பகுதியை அடுத்த முறை நான்கே நிமிடத்தில் கடந்துவிடுவோம். இளவரசனுக்குப் புதிய ஆற்றல் எதுவும் வந்திருக்காது. நாங்கள்தான் அந்த அரண்மனையைப் படித்து வைத்திருந்தோம்.

அதன்பின் இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ விளையாட்டுகளை ஆடியாகிவிட்டது. எதை எடுத்தாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: முப்பது மணி நேரம் கழித்து வளர்ந்திருப்பது திரையில் ஓடும் உருவமா, அதை ஆட்டுவிக்கும் நானா? கீழே சொல்லியிருக்கும் கருத்துகள் அனைத்தும் இந்த ஒரே அளவுகோலால் அளந்தவை. ஆகவே படக்காட்சியின் அழகுக்கும் கதையின் நீளத்துக்கும் இங்கே குறைவான இடமே கிடைத்திருக்கிறது.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. அதை ஏறத்தாழத் தனியாளாக உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், தம் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் தொங்கி ஏறவும் வைத்து வீடியோவில் பதிவு செய்து, அந்தப் படங்களின் மேல் வரைந்தே இளவரசனின் அசைவுகளை உண்டாக்கினார். அந்த அசைவில் உடலின் பாரம் தெரிகிறது. ஓடிக்கொண்டிருப்பவன் விசையை விட்டதும் நின்றுவிட மாட்டான். இரண்டடி சறுக்கியே நிற்பான். தொலைவாகத் தாவ வேண்டுமானால் ஓடி வந்து தாவ வேண்டும், அதற்கு எத்தனை அடி இடம் தேவை என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தளம் விழுந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு தளம் விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளி குறையும், மூன்று தளம் விழுந்தால் முடிந்தது. விசையை அழுத்திக்கொண்டு மெல்ல அடிவைத்தால் பள்ளத்தின் விளிம்பிலேயே கால் நிற்கும், முட்களுக்கு நடுவேயும் காயமின்றி நடக்கலாம். அவசரத்துக்கும் நிதானத்துக்கும் இடையிலான இந்தப் பேரமே விளையாட்டின் உயிர். கடிகாரம் ஓடு என்கிறது, தரையோ நில் என்கிறது.

இந்த விளையாட்டில் என்னை இன்றுவரை விடாமல் பற்றியிருப்பது நிழல் மனிதன். நான்காம் நிலையில் வழியை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி நிற்கும். அதற்குள் ஓடிப் பாய்ந்து மறுபுறம் போனால், நம் உருவமே எதிர்த்திசையில் பிரிந்து ஓடும்; நம்மிடம் ஒரே ஓர் உயிர்ப்புள்ளி மட்டும் மிஞ்சியிருக்கும். அடுத்த நிலையில் நாம் குடிக்க வேண்டிய மருந்தை அவன் குடித்துவிடுவான், அதற்கடுத்த நிலையில் நம்மைப் பள்ளத்தில் விழவைப்பான். கடைசியில் அவனுக்கு எதிரே வாளோடு நிற்கும்போது, அவனை வெட்டினால் வெட்டு நம் மேலும் விழும். எத்தனை முறை செத்திருப்போம் என்று கணக்கில்லை. வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடலாம் என்பதை எங்களுள் ஒருவர் தற்செயலாகக் கண்டுபிடித்த நாளில் அறையில் எழுந்த கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. புதிய எதிரிகளை வரைய ஆப்பிள் 2இன் நினைவகத்தில் இடம் மிச்சமில்லாததால், இளவரசனின் படங்களையே சற்று இடம் மாற்றிக் கலந்து மினுமினுக்கும் நிழலாக்கியதாக மெக்னர் விளக்கியிருக்கிறார். கருவியின் வறுமையிலிருந்து பிறந்த இந்த ஒரு பாத்திரத்துக்கு நிகராக, இன்றைய விளையாட்டுகளின் நூறு விதமான எதிரிகளில் ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

குறைகளும் உண்டு. வாட்சண்டை விரைவில் ஒரே தாளத்தில் வந்துவிடுகிறது. தடுத்தல், குத்துதல், மறுபடியும் தடுத்தல் என்பதற்குமேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மருந்துக் குடுவைகளில் எது நஞ்சு என்பதைக் குடித்துப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டிய தருணங்கள், ஏற்கெனவே நேரம் குறைவாக இருக்கும் விளையாட்டில் நியாயமற்றவை. ஆனாலும் இன்று முதன்முறையாக ஆடுபவரிடம், ஒரு நிலையின் வரைபடத்தைத் தாளில் வரைந்துகொண்டு ஆடுங்கள் என்றே சொல்வேன். மெக்னரின் தந்தை பழைய வட்டுகள் அடங்கிய பெட்டியைக் கண்டெடுத்ததன் பயனாக 2012இல் மூல நிரலே பொதுவெளிக்கு வந்துவிட்டதால், நிரல் எழுதுபவர்களுக்கும் இது ஒரு பாடநூல்.

அடுத்தது ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ. 2000ஆம் ஆண்டின் இறுதியில் நார்வேயின் இன்னர்லூப் நிறுவனம் உருவாக்கிய இந்தத் துப்பாக்கி விளையாட்டுக்கு உலகின் மற்றப் பகுதிகளில் எத்தனை பேர் ரசிகர்களோ, நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் அதைத் தொடாதவர்கள் குறைவு. அதே நிறுவனம் முன்பு போர்விமான விளையாட்டு ஒன்றுக்காக எழுதிய மென்பொருள் இயந்திரத்தின் மேல் கட்டப்பட்டதால், இதன் நிலப்பரப்பு அந்தக் காலத்துக்கு வியப்பூட்டும் அளவுக்கு விரிந்தது. பனிமூடிய மலைமேல் பதுங்கிக்கொண்டு, தொலைநோக்கியில் கீழே உள்ள முகாமைப் பார்த்து, காவற்கோபுரத்தில் எத்தனை பேர், கண்காணிப்புக் கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது, அபாயமணியின் பொத்தான் எந்தக் கட்டடத்தில் என்றெல்லாம் குறித்துக்கொண்டு இறங்க வேண்டும். கையிலிருக்கும் வரைபடக் கருவி, செயற்கைக்கோள் பார்வையில் முகாமை மேலிருந்து காட்டும். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் விளையாட்டு நிற்காது.

இதன் பெரிய பெருமையும் பெரிய சிறுமையும் ஒன்றே: ஒரு பணியின் நடுவில் சேமிக்க வழியில்லை. நாற்பது நிமிடம் பதுங்கிப் பதுங்கி நகர்ந்து, கோப்புகளை எடுத்துக்கொண்டு வெளியேறும் வாசலுக்கு வந்த பிறகு எங்கிருந்தோ வந்த ஒரு தோட்டாவில் வீழ்ந்தால், மறுபடியும் மலைமேலிருந்தே தொடங்க வேண்டும். மணிக்கு இவ்வளவு ரூபாய் என்று கொடுத்து ஆடியவர்களுக்கு அந்த வலி நன்றாகத் தெரியும். ஆனால் அந்த விதிதான் ஒவ்வொரு மூலையிலும் நின்று எட்டிப்பார்க்கும் பழக்கத்தை எங்களுக்குக் கொடுத்தது. நான் இதைக் குறைகூறுவது வேறொரு காரணத்துக்காக: அபாயமணி அடித்துவிட்டால், சற்றுமுன் நாமே காலிசெய்த கட்டடத்திலிருந்து வீரர்கள் மேலும் மேலும் வருவார்கள். நான் படித்து வைத்த வரைபடம் அங்கே பொய்யாகிவிடுகிறது. கண்டிப்பான ஆசிரியரைப் பொறுத்துக்கொள்ளலாம், கேள்வித்தாளை நடுவில் மாற்றும் ஆசிரியரைப் பொறுத்துக்கொள்ள முடியாது. 2003இல் வந்த இரண்டாம் பாகம் ஒரு பணிக்குச் சில சேமிப்புகளை மட்டும் அனுமதித்தது; அவற்றை எங்கே செலவிடுவது என்று யோசிப்பதே ஒரு திறமையானதால், அதையே நான் சிறந்த ஏற்பாடாகக் கருதுகிறேன்.

ஊரைக் கட்டி, படை திரட்டிப் போரிடும் உத்தி விளையாட்டான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பற்றி எழுதும்போது என்னால் நடுநிலையாக இருக்க முடியுமா என்று தெரியவில்லை. கால் நூற்றாண்டாக நான் நிறுத்தாமல் ஆடிவரும் ஒரே விளையாட்டு அது. என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி 1999இல் வெளிவந்த அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஒரு நகர மையம், வில்லேஜர்கள் எனப்படும் மூன்று வேலையாட்கள், ஒரு குதிரைவீரன், இருநூறு உணவு. ஒரு வில்லேஜரை உருவாக்க ஐம்பது உணவும் இருபத்தைந்து விநாடியும் ஆகும். அந்த இருபத்தைந்து விநாடி முடிந்ததும் அடுத்தவர் உருவாகத் தொடங்கியிருக்க வேண்டும், அவர் வெளியே வரும்போது அவருக்கான வேலை ஏற்கெனவே காத்திருக்க வேண்டும். நகர மையம் பத்து விநாடி சும்மா இருந்தாலும் அந்தப் பத்து விநாடி திரும்பக் கிடைக்காது. காட்டுப்பன்றியை ஓர் அம்பு எய்து உசுப்பி, அது துரத்த நகர மையம்வரை ஓடிவந்து, அங்கே காத்திருக்கும் மற்றவர்களோடு சேர்ந்து அதை வீழ்த்தும் வேலையைச் சரியாகச் செய்தால் 340 உணவு கிடைக்கும்; தவறினால் ஒரு வில்லேஜரை இழப்போம். ஐந்நூறு உணவு சேர்த்து அடுத்த யுகத்துக்கு எத்தனையாவது நிமிடத்தில் போகிறோம் என்பதைக் கொண்டே, ஆடுபவர் எவ்வளவு காலம் பழகியவர் என்று சொல்லிவிடலாம். இங்கே யாரும் முந்தைய ஆட்டத்தில் சம்பாதித்த எதையும் எடுத்துக்கொண்டு வருவதில்லை. தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டதை மட்டுமே எடுத்து வருகிறோம். சித்திரமும் கைப்பழக்கம் என்று ஔவை சொன்னதன் பொருளை எனக்கு உணர்த்தியது இந்தப் பன்றிவேட்டைதான்.

2019இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன், பழைய விளையாட்டை எப்படிப் புதுப்பிக்க வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டத்தக்கது. விளைச்சல் தீர்ந்த வயலைத் தானாக மறுபடி விதைக்கும் வசதி அதில் வந்தபோது, இது திறமையைக் குறைத்துவிடும் என்று வருந்தியவர்களில் நானும் ஒருவன். ஆடிப் பார்த்தபின் என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். வயலைத் திரும்பத் திரும்பச் சொடுக்குவதில் சிந்தனை ஏதும் இல்லை, அது வெறும் கூலி வேலை. அதிலிருந்து விடுபட்ட கவனம் போர்க்களத்துக்குப் போகிறது. புதியவர்களுக்காகச் சேர்க்கப்பட்ட போர்க்கலைப் பயிற்சிகள், பொருளாதாரத்தை எவ்வளவு விரைவாகத் தொடங்கினோம் என்பதைப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கம் தருகின்றன. தங்கப் பதக்கம் வாங்கியவருக்குக் கிடைக்கும் பரிசு அடுத்த ஆட்டத்தில் தெரியும் வேகமே தவிர வேறொன்றுமில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது.

2022இல் வெளியான டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை இந்தியர் என்ற ஒரே பெயரில் அடைக்கப்பட்டிருந்தவர்கள் அதில் இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என்று பிரிக்கப்பட்டார்கள். திராவிடருக்கான கதைத்தொடராக இராசேந்திர சோழனின் போர்கள் வந்தன. நாம் சுருள்வாள் என்று சொல்லும் உறுமி ஏந்திய வீரர்கள், திரிசடை என்னும் பெரிய போர்க்கப்பல், எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் தாக்கும் உருக்குத் தொழில்நுட்பம் ஆகியவை இவர்களுக்கே உரியவை. கொடுமணல் அகழாய்வில் இரும்பும் உருக்கும் உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்திருப்பதை அறிந்தவர்களுக்கு, அந்த உருக்கு ஓர் அலங்காரப் பெயராகத் தோன்றாது. ஆட்டமாகப் பார்த்தால், கடல் வரைபடங்களில் இவர்களை வெல்வது கடினம். ஆனால் கனரகக் குதிரைப்படை இல்லாததால் திறந்த நிலத்தில் வேகமான எதிரியிடம் படாதபாடு பட வேண்டியிருக்கும். இந்த ஏற்றத்தாழ்வைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. கடல்கடந்து சென்றவர்களைக் கடலில் வலியவர்களாகவும் நிலத்தில் யோசித்து ஆட வேண்டியவர்களாகவும் அமைத்தது பொருத்தம் என்றே எனக்குப் படுகிறது. 2025இல் வந்த மற்றோர் உத்தி விளையாட்டான சிவிலைசேஷன் 7இலும் சோழர்கள் இடம்பெற்றார்கள். எனினும் யுகத்துக்கு யுகம் நாகரிகத்தை மாற்றிக்கொள்ளும் அதன் அமைப்பால் அவர்கள் நடு யுகத்தோடு விடைபெற்றுவிட, அரைகுறையாக விருந்துண்டு எழுந்த உணர்வே எனக்கு எஞ்சியது.

இனி, கடந்த பத்தாண்டுகளில் பெரும் செலவில் வெளிவந்த, பரந்த உலகில் விருப்பம்போல் சுற்றித்திரிய விடும் திறந்தவெளி விளையாட்டுகள். பெயர் சொல்லாமல், அவற்றில் ஒன்றில் நான் எண்பது மணி நேரம் செலவிட்ட அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். வரைபடம் முழுக்கக் குறியீடுகள். போக வேண்டிய இடத்துக்குத் திரையிலேயே அம்புக்குறி. எதிரியின் தலைக்கு மேல் ஓர் எண். அந்த எண் என் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், எவ்வளவு நேர்த்தியாக ஆடினாலும் அவன் சாகமாட்டான். சிறிதாக இருந்தால், எவ்வளவு அலட்சியமாக ஆடினாலும் செத்துவிடுவான். எண் வேகமாக வளர வேண்டுமானால் கடையில் பணம் கட்டி அதற்கென ஒரு வசதியை வாங்கிக்கொள்ளலாம் என்றும் அங்கே எழுதியிருந்தது. விளையாடும் நேரத்தைக் குறைப்பதற்கு விளையாட்டை விற்றவரே பணம் கேட்கிறார் என்றால், அந்த நேரம் எனக்காக நிரப்பப்பட்டதன்று என்பது விளங்கிவிடுகிறது. காட்சிகள் கண்ணைப் பறித்தன, மறுப்பதற்கில்லை. ஆயினும் எண்பது மணி நேரம் முடிந்தபோது அந்த நாட்டின் ஒரு தெருவைக்கூட அம்புக்குறி இல்லாமல் என்னால் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதே பெரிய நிறுவனங்களின் உலகத்திலிருந்து நல்லதும் வராமலில்லை. யுபிசாஃப்டின் மான்பெலியே கலையகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன் அதற்குச் சான்று. காஃப் மலையில் சிக்கிக்கொள்ளும் சர்கோன் என்ற இளம் வீரனின் கதை இது. பாரசீக மொழியிலேயே வசனங்களைக் கேட்டபடி ஆடலாம் என்பது தனி இன்பம். இன்னும் திறக்க முடியாத கதவையோ எட்ட முடியாத மேடையையோ கண்டால், அந்த இடத்தை அப்படியே ஒரு படமாக எடுத்து வரைபடத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளும் வசதி இதில் உண்டு. போகும் வழியை அது சொல்வதில்லை, நான் கண்டதை எனக்கு நினைவுபடுத்தும் வேலையை மட்டுமே செய்கிறது. பள்ளியில் நாங்கள் தாளில் வரைந்த வரைபடத்தின் இன்றைய வடிவம் என்று அதை மனமாரச் சொல்வேன்.

லூகாஸ் போப் பெரும்பாலும் தனியாகவே உருவாக்கி 2018இல் வெளியிட்ட ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின், நான் ஆடியவற்றில் மிக அதிகமாகச் சிந்திக்க வைத்தது. 1807இல், காணாமற்போன வணிகக் கப்பல் ஒன்று ஆளில்லாமல் ஃபால்மவுத் துறைமுகத்துக்குத் திரும்பி வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இழப்பை மதிப்பிடும் அதிகாரியாகிய நாம், அதில் பயணம் செய்த அறுபது பேருக்கும் என்ன நேர்ந்தது என்று எழுதித் தர வேண்டும். நம் கையிலிருப்பது ஒரு மாயக் கடிகாரம். ஒரு பிணத்தின் அருகே அதைத் திறந்தால், அவர் இறந்த நொடி அசையாத காட்சியாக உறைந்து நிற்கும், அதற்குச் சற்றுமுன் பேசிய பேச்சு காதில் விழும். யாருடைய பெயரையும் எவரும் நமக்குச் சொல்வதில்லை. பேச்சின் உச்சரிப்பு, ஆள் படுத்திருக்கும் தொங்குபடுக்கையின் எண், காலணி, பச்சை குத்திய கை ஆகியவற்றை வைத்தே ஊகிக்க வேண்டும். கப்பலில் பயணம் செய்தவர்களில் இந்திய மாலுமிகளும் இருக்கிறார்கள். அவர்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறிய நான் ஒரு முழு மாலை நேரத்தைச் செலவிட்டேன். மூன்று பேரின் முடிவுகள் சரியாக அமைந்தால் மட்டுமே விளையாட்டு அதை உறுதிசெய்கிறது என்பதால் குருட்டு ஊகம் எளிதில் பலிக்காது. பழைய கணினிகளை நினைவூட்டும் இருநிறப் புள்ளிக்கோலப் படக்காட்சி முதல் அரைமணி நேரம் கண்ணை உறுத்தலாம்; அதற்குப்பின் அது இல்லாமல் இந்தக் கதையை நினைக்கவே முடியாது. ஒரு காட்சிக்குள் முதன்முறை நுழையும்போது, இசை முடியும்வரை வெளியேற விடாமல் பிடித்துவைப்பது மட்டும் சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கிறது.

இவை அனைத்திலும் எனக்கு மேலானது 2019இல் வெளிவந்த அவுட்டர் வைல்ட்ஸ். மரப்பலகைகளால் ஆன ஒரு சிறிய விண்கலத்தில் ஏறி, கையடக்கமான ஒரு சூரியக் குடும்பத்தைச் சுற்றிவரும் விளையாட்டு இது. இருபத்திரண்டு நிமிடங்களில் சூரியன் வெடித்துவிடும். கண் விழித்தால் மறுபடியும் தொடக்கத்தில், அதே மரத்தடியில் இருப்போம். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் அறுபது நிமிடக் கடிகாரம் முப்பது ஆண்டுகள் கழித்து இங்கே வேறு உருவத்தில் வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒரு கோள் நம் கண்முன்னே துண்டு துண்டாக உடைந்து, தன் மையத்திலுள்ள கருந்துளைக்குள் விழுந்துகொண்டிருக்கும். இரட்டைக் கோள்களில் ஒன்றின் மணல் மற்றொன்றுக்கு வழிந்துகொண்டிருக்கும். ஐந்தாம் நிமிடத்தில் திறந்திருக்கும் குகை பதினைந்தாம் நிமிடத்தில் மணலில் மூடியிருக்கும், பதினைந்தாம் நிமிடத்தில் வெளிப்படும் கோபுரத்தை ஐந்தாம் நிமிடத்தில் பார்க்க முடியாது. ஆகவே எங்கே போவது என்பதோடு எப்போது போவது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். இதில் வாங்குவதற்கு ஆயுதமில்லை, வளர்ப்பதற்கு எண்ணில்லை. கலத்தின் குறிப்பேடு மட்டும், நாம் கண்டறிந்தவற்றைச் சுற்றுக்குச் சுற்று மறக்காமல் வைத்திருக்கும். இறுதிவரை போகத் தேவையான அனைத்தும் முதல் சுற்றிலேயே நம்மிடம் இருந்தன, நமக்குத்தான் தெரியவில்லை என்று உணரும் கணத்தில், நான் நாற்காலியிலிருந்து எழுந்து சிறிது நேரம் அறைக்குள்ளேயே நடந்தேன்.

எச்சரிக்கைகள் சில உண்டு. நிறையப் படிக்க வேண்டிய விளையாட்டு இது, தமிழில் இல்லை. கலத்தை ஓட்டுவது தொடக்கத்தில் படுத்தும், ஏனென்றால் முடுக்கிவிட்ட வேகத்தை நாமே எதிர்த்திசையில் முடுக்கிக் குறைத்தாலொழிய கலம் நிற்காது. விசைப்பலகையைவிடக் கேம்பேடில் அது எவ்வளவோ எளிது. இருண்ட முட்புதர்க் கோளுக்குள் நுழையும்போது அச்சத்தால் என் கை வியர்த்தது உண்மை, ஆகவே இளகிய மனத்தினர் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். யூடியூபில் தீர்வைத் தேடிவிட்டால் மட்டும் வாங்கிய பணம் வீண், ஏனென்றால் இதில் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு ஆட்டமே இல்லை. தொடங்கியதும் கலத்தில் ஏற அவசரப்பட வேண்டாம். ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் பேசி, குழந்தைகளோடு கண்ணாமூச்சி ஆடி, வானாய்வகத்தின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளையும் படித்துவிட்டே புறப்படுங்கள்; அதுவரை கடிகாரம் ஓடாது.